கொட்டியாரக் குடாவை வரைந்தவர்கள்

மூதூரில் 1893 ஆம் ஆண்டு ஒரு கல் நாட்டப்பட்டது. ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று சொல்லப்பட்ட புளியமரம் நின்ற இடத்தைக் குறிக்கும் கல் அது. 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற கப்பல் தலைவர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டது அந்த மரத்தடியில்தான் என்று அது கூறுகின்றது. ‘ஆன்’ என்ற அவரது கப்பல், மசூலிப்பட்டினத்தருகே புயலில் பிரதான பாய்மரத்தை இழந்து, மரம் செப்பனிடவும் வியாபாரம் பண்ணவுமாகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்திருந்தது. தந்தையோடு பிடிபட்ட அதே பெயருடைய மகன்தான் பின்னாளில் நூலெழுதிய நொக்ஸ். தந்தை 1661 இல் மலைநாட்டில் இறந்துபோனார். மகன் தொப்பி பின்னி விற்றும், சில்லறை வியாபாரியாகக் கிராமம் கிராமமாக அலைந்தும் நாட்டைப் படித்துக்கொண்டார். 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. அதற்கு உதவியவர் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்.

அந்த நூலோடு ஒரு வரைபடமும் வந்தது. கண்டி உட என்ற இராச்சியத்தின் படம் அது. நூலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்; படத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கொட்டியாரத்தில் பிடிபட்ட ஒரு மனிதனின் அனுபவத்திலிருந்து வந்த படத்தில், கொட்டியாரம் கிழக்கோரத்து ஒரு பெயர் மட்டுமே. அவருக்கு அது நுழைவாயில், அவ்வளவுதான். அந்தக் கரையில் தோணி இறக்கியவர்கள், வயல் செய்தவர்கள், உப்பும் புகையிலையும் சுமந்தவர்கள் எவரும் அதில் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வரைபடம் எதுவாயினும் வரைபவனின் தேவையிலிருந்தே பிறக்கின்றது என்பதற்கு எமது ஊரிலேயே கிடைக்கும் முதல் உதாரணம் இது.

பாடசாலையில் நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவன் நான். உயர்தர மாணவர்களின் முன்னால் 1:50,000 இடவிளக்கப்படத்தை விரித்து, சமவுயரக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டியே காலம் போயிற்று. ஓய்வுபெற்ற பிறகு எனது மருமகன் பழைய மடிக்கணனியொன்றில் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை நிறுவித் தந்தான். புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., என்பதை அப்போதுதான் கைபட அறிந்தேன். இக்கட்டுரை அந்த மென்பொருளின் கையேடல்ல. அதைத் திறந்தவுடன் எமது குடாவைப் பற்றி என்னென்ன கேள்விகள் எழுந்தன, அக்கேள்விகளுக்குப் பின்னால் என்ன வரலாறு கிடக்கின்றது என்பதே இங்கு விடயம்.

முதலில் எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு பெருமையைப் பார்த்துவிடலாம். அல் இத்ரீஸியை நாம் விடுவதில்லை. 1154 இல் சிசிலியில், இரண்டாம் ரோஜர் மன்னனுக்காக, தெற்கை மேலே வைத்து உலகத்தை எழுபது துண்டுப் படங்களாக வரைந்தவர் அவர். சரந்தீவும் அதில் உண்டு. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1987 இல் உருவான ஒரு ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்கு ‘இத்ரீஸி’ என்றே பெயர் வைத்தார்கள். இதை மேடைகளில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எமது மஹல்லாவின் எல்லையைக் கீறித் தாருங்கள் என்று கேட்டால் கைதட்டியவர்களில் எத்தனை பேர் கடதாசியை எடுப்பார்கள்? பெருமைக்குரியவரின் தொழிலைத் தொட்டுப் பார்க்காத பெருமையில் எனக்கு நாட்டமில்லை.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். திருகோணமலையை ஐரோப்பியர் மீண்டும் மீண்டும் வரைந்ததற்குக் காரணம் காற்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. வங்காள விரிகுடாவில் கடற்படை வைத்திருந்த எவருக்கும் மலைகளால் மூடிய, ஆழமான இந்தத் துறை வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் 1624 இல் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1672 இல் பிரான்சியர் வந்து பார்த்தனர். 1782 இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயர் ஜனவரியில் பிடிக்க, பிரெஞ்சு அட்மிரல் சுப்ரேன் ஓகஸ்டில் பறித்தெடுத்தார். 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். அதே மாதத்தில்தான் இலண்டனில் பிரித்தானியக் கடற்படையின் நீரியல் வரைபட அலுவலகம் தொடங்கப்பட்டது. தற்செயல்தான். ஆயினும் இந்தத் துறைமுகத்தின் கதைக்குப் பொருத்தமான தற்செயல்.

கடல் வரைபடங்களின் முறை எளிமையானது, கடினமானதும்கூட. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பது. அதே வேளையில் கரையிலுள்ள மலைமுனை, கோட்டைக் கொடிமரம் போன்றவற்றுக்குக் கோணம் எடுத்து, படகு நிற்குமிடத்தைத் தாளில் குறிப்பது. இப்படி ஆயிரக்கணக்கான எண்கள் நீரின் மேல் எழுதப்பட்டன. நீரில் எண்கள் நிறைந்திருக்க, கரையைத் தாண்டிய நிலம் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும். பெயர்களும் கடலிலிருந்து பார்த்தவர்கள் வைத்தவையே: பவுல் பொயின்ற், கிளப்பன்பேர்க், ஒஸ்ரென்பேர்க், சோபர் தீவு, மலே கோவ். ‘மலே’ என்ற சொல்லில் மலாய்க்காரரின் சுவடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றது, அவ்வளவே. சீனன்குடா, புறாத்தீவு ஆகிய இரண்டும் இரு மொழியிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மற்றவற்றுக்கு எமது மீனவர்கள் வைத்திருந்த பெயர்கள் படத்தில் ஏறவேயில்லை.

நிலத்தை நடந்து பார்த்த ஒல்லாந்தர் ஒருவர் உண்டு. திருகோணமலையின் அதிகாரியாக இருந்த வான் சென்டன் 1786 இல் தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று என்று சுற்றி நாட்குறிப்பு எழுதினார். குளங்கள், வயல்கள், குடிகள் என்று அவர் பார்த்தவை சொற்களாய்த் தங்கின. இன்றைய ஜி.ஐ.எஸ். மொழியில் சொல்வதானால், படத்திலுள்ள புள்ளியொன்றோடு இணைத்து வைக்கவேண்டிய அட்டவணையை அவர் எழுதிவிட்டார், புள்ளியைத்தான் வைக்கவில்லை.

ஆங்கிலேயர் 1800 இல் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினர். முதல் நில அளவை அதிபதி ஜோசப் ஜோன்வில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவு முழுவதையும் முக்கோணங்களால் மூடும் வேலை நடந்தது. நீர்கொழும்புக்கருகே ஒன்றும் மட்டக்களப்புக்கருகே ஒன்றுமாக இரண்டு அடிக்கோடுகள் மிகத் துல்லியமாக அளக்கப்பட்டன; அவற்றிலிருந்து மலையுச்சிகளுக்குக் கோணங்கள் எடுக்கப்பட்டன. நீர்கொழும்பு அடிக்கோட்டின் ஒரு முனையான கந்தவல என்ற இடத்தின் பெயரே இந்நாட்டின் பழைய அளவைத் தளத்துக்கு ஆகிவந்தது. மைலுக்கு ஓர் அங்குலப் படங்கள் அந்த அடித்தளத்தில் எழுந்தவை. பிற்காலத்தில் தீவை 92 தாள்களாகப் பிரித்த 1:50,000 படங்கள் வந்தன.

இந்தக் கந்தவல விவகாரத்தைச் சற்று நின்று விளக்கவேண்டும். கணனியில் படம் வரையத் தொடங்கும் எமது இளைஞர்கள் முதலில் கால் இடறும் இடம் இதுதான்.

பூமி சரியான உருண்டையல்ல. அளவையாளர் தமது நாட்டுக்குப் பொருந்தும் ஒரு நீள்கோளத்தைத் தெரிந்து, அதன்மேல் அகலக்கோடு, நெடுங்கோடுகளைக் கணித்தனர். கந்தவல தளம் எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்தது. செய்மதியை நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். கருவி வேறொரு நீள்கோளத்தைப் பயன்படுத்துகின்றது. பழைய படத்தில் வாசித்த அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் மாற்றம் எதுவுமின்றி அப்படியே ஜி.பி.எஸ். தளத்தில் இட்டால், திருகோணமலைப் பக்கத்தில் புள்ளி ஏறத்தாழ 200 மீற்றர் மேற்கே தள்ளி விழும். இன்னொன்று: பழைய சட்டகத்தில் பீதுருதாலகாலையை 200,000, 200,000 என்று வைத்தே மீற்றர்களை எண்ணுகிறார்கள். 1999 இல் வந்த புதிய தளத்தில் அதே மலைக்கு 500,000, 500,000. புதிய எண்களைப் பழைய சட்டகத்தில் ஏற்றினால் கிண்ணியா வங்காள விரிகுடாவின் நடுவே போய் நிற்கும். அப்படிப்பட்ட பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்தில்லை. 200 மீற்றர் பிழைதான் பொல்லாதது. அது ஊருக்குள்ளேயே நின்றுகொள்ளும். கியூஜிஐஎஸ்ஸில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235 என்று குறியெண்கள் உள்ளன. வரையத் தொடங்குமுன் கையிலிருக்கும் படம் எந்தத் தளத்தினது என்று தாளின் ஓரக் குறிப்பில் பார்த்துக்கொண்டால் போதும், மாற்றத்தை மென்பொருளே செய்துவிடும்.

200 மீற்றர் என்ற எண்ணைக் கேட்டதும் கிழக்குக் கரையில் வயது வந்த எவருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியாவில் கடலோரத்தில் இருந்த வைத்தியசாலை அழிந்தது. மூதூரும் கிண்ணியாவும் தம் சனங்களைப் புதைத்து முடிப்பதற்குள், கரையிலிருந்து ஒரு கோடு கீறப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஜி.ஐ.எஸ். மென்பொருளில் இதைச் செய்ய மிகக் குறைந்த நேரமே பிடிக்கும். கரைக்கோட்டைத் தெரிந்து, தூரம் 200 என்று தட்டச்சுச் செய்தால் நிறப்பட்டை ஒன்று விழுந்துவிடும். அந்தப் பட்டைக்குள் எத்தனை அடுப்புகள் என்று மென்பொருள் தானாகச் சொல்லாது. வீடுகளின் படையையும் நாமே கொடுத்திருக்கவேண்டும். கிண்ணியாவைப்போல் நீர் பல புறமும் சூழ்ந்த, வளவுகள் நெருக்கமான ஊரில் 200 மீற்றர் என்பது கரையோரப் பட்டையல்ல, ஊரின் பெரும்பங்கு. கரைக்கோடு எந்த ஆண்டுப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது, அது எந்த அளவைத் தளத்தினது என்ற கேள்விகள் தொழில்நுட்பக்காரருக்கு மட்டும் உரியவை என்று நாம் அன்று இருந்துவிட்டோம். வலயத்தின் அகலமும் தளம் மாறினால் வரும் பிழையின் அகலமும் ஏறத்தாழ ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பின் பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது.

ஜி.ஐ.எஸ். என்பதன் சாரமே இந்தப் படைகள்தான். 1960களில் கனடாவின் காடு, வயல், மண் அனைத்தையும் கணக்கெடுக்க ரொஜர் தொம்லின்சன் என்ற புவியியலாளர் முதன்முதலில் கணனியை இதற்குப் பயன்படுத்தினார். ஒரே நிலத்தின் பல படங்களைக் கண்ணாடித் தாள்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ‘இதுவும் அதுவும் சேருமிடம் எது’ என்று கேட்பதே அவரது எண்ணம். நெடுங்காலம் இது அரசாங்கங்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் மட்டுமே கட்டுப்படியான வேலையாயிருந்தது. 2000 மே மாதம் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. 2002 இல் அலாஸ்காவில் கேரி ஷேர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் எவரும் காசின்றி எடுக்கக்கூடியதாய் வளர்ந்தது. 2004 இல் இங்கிலாந்தில் ஸ்ரீவ் கோஸ்ற் ‘ஓப்பன்ஸ்ரீற்மப்’ என்ற பொது வரைபடத்தைத் தொடங்கினார். எவரும் அதில் தம் தெருவைச் சேர்க்கலாம். எங்களுக்குப் பக்கத்திலேயே, 2013 அளவில், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து மட்டக்களப்பு நகரின் கட்டடங்களை அப்பொது வரைபடத்தில் ஏற்றுவித்தன. ஆக, கருவி கைக்கு வந்துவிட்டது. கைகள்தான் போதவில்லை.

தொடங்குகிறவர் என்ன செய்யலாம்? நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய அங்குலப் படத்தின் வருடிய பிரதியொன்றைக் கணனியில் ஏற்றினேன். படத்திலும் செய்மதிப் படிமத்திலும் மாறாதிருக்கும் இடங்களைத் தேடினேன்: கோட்டை முனை, பழைய சந்தி, குளக்கட்டின் முடக்கு, பாறைத்தீவு. மூன்று புள்ளிகள் போதும் என்பார்கள். ஏழெட்டாவது வைத்தால்தான் படம் நிமிர்ந்து உட்காரும். அவற்றையும் ஒரே மூலையில் குவிக்காமல் நாலு பக்கமும் பரப்பவேண்டும். அதன்மேல் புள்ளியாய்க் கிணறுகளையும் பள்ளிவாசல்களையும், கோடாய் வாய்க்கால்களையும், பல்கோணியாய் வயல்களையும் வரைந்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் அட்டவணையில் பெயர், சொன்னவர், சொன்ன நாள்.

அப்போது எனக்குத் தோன்றியது: எமது வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் காணி உறுதிகள் எல்லாம் எழுத்தில் எழுதிய பல்கோணிகளே. ‘வடக்கு வாய்க்கால், கிழக்கு இன்னாரின் தோட்டம், தெற்கு வழி, மேற்கு இன்னார் பெண்சாதியின் வளவு.’ பக்கத்துக் காணிக்காரர் உயிரோடிருந்து சாட்சி சொல்லும்வரை இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து சனம் மொத்தமாய்க் கந்தளாய்க்கு நடந்தபோது உறுதிகள் எத்தனை வீட்டில் கிடந்தன, எத்தனை வழியில் தொலைந்தன என்று யார் எண்ணினார்கள்? சாட்சி சொல்ல வேண்டிய மூத்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், 2007 இல் தொடங்கிய ‘பிம் சவிய’ திட்டமும் அளந்த படத்தையே காணிக்கு ஆதாரமாக்குகின்றன. எல்லையைச் சொல்லத் தெரியாதவன் அங்கே வாயடைத்து நிற்பான்.

மறுபக்கமும் உண்டு. வர்த்தமானிகளும் எழுத்தில் எழுதிய பல்கோணிகள்தான். 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டன. இடம்பெயர்ந்திருந்த சம்பூர்த் தமிழ்ச் சகோதரர்கள் 2015 க்குப் பின்னரே படிப்படியாய்த் திரும்ப முடிந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டது. தொல்லிடங்களை அடையாளங்காண்பதும் அவற்றுக்கான காணியின் பரப்பைத் தீர்மானிப்பதும் அதன் பணி. நியமிக்கப்பட்டபோது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட அதில் இல்லை. தமிழரும் சிங்களவரும் நாமும் கலந்து வாழும் ஒரு மாவட்டத்தில், 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும், நிலத்தைப் பற்றிய விவாதம் இனி வாய்ச்சொல்லில் நடக்கப்போவதில்லை. வர்த்தமானியின் அட்டவணையை வாசித்து, அதைத் திரையில் பல்கோணியாக்கி, ஊரின் மேல் வைத்துப் பார்க்கத் தெரிந்த நாலு பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பது, பத்துக் கண்டன அறிக்கைகளைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

படம் சொல்லாத விடயமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் தெருவுமாகும். ஆற்றைக் கடக்க மனிதரையும் வாகனத்தையும் ஏற்றி இழுக்கும் மிதவையுமாகும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்தப் பாதைதான் எமது பாதை. பாலம் வந்ததும் சொல்லின் ஓர் அர்த்தம் பிள்ளைகளுக்கு மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன். 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், அத்தகைய மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மூழ்கி மடிந்தனர். வரைபடத்தில் தெரு ஒரே கோடாய் நீரைத் தாண்டிப் போயிருந்தால், தூரத்து அலுவலகத்தில் அதைப் பார்ப்பவருக்கு அங்கே பாலம் இருக்கின்றதா, மிதவை இருக்கின்றதா என்று எப்படித் தெரியும்? பொது வரைபடத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு குறிகள் உள்ளன. அந்தக் குறியை மாற்றி இடுவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.

பெயர்களுக்கும் அவ்வாறே. அப்பொது வரைபடத்தில் ஓரிடத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பெயர் எழுத இடமுண்டு. தமிழ்ப் பெயருக்கான இடம் வெறுமையாய் இருந்தால், யாரும் அழித்ததனால் அல்ல, எவரும் எழுதாததனால்தான் என்று கொள்ளவேண்டும். இறக்கக்கண்டி, வெள்ளைமணல், நாச்சிக்குடா, தோப்பூர் போன்றவை பெரிய பெயர்கள், எப்படியாவது ஏறிவிடும். வாய்க்கால் முடக்குகளுக்கும், வயற்கண்டங்களுக்கும், கரவலை இழுக்கும் பாடுகளுக்கும் உள்ள பெயர்கள்தான் போய்விடும்.

பாடுகளின் எல்லையைக் கேட்பதற்காக அண்மையில் கரவலைச் சம்மாட்டியாயிருந்த வயோதிபர் ஒருவரிடம் போனேன். கடலுக்குள் இருக்கும் ஒரு கல்லைப் பற்றிச் சொன்னார். வலை அதில் மாட்டினால் கிழிந்துவிடும். கல்லின் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். இந்தப் பக்கம் மலைமுனையும் பள்ளி மினாராவும் ஒன்றையொன்று மறைக்கவேண்டும், அந்தப் பக்கம் பெரிய பனையும் அதன் பின்னாலிருக்கும் குன்றும் நேராக வரவேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்தால் தோணிக்குக் கீழே கல். ஈயக்குண்டு போட்ட வெள்ளைக்காரரும் இதையேதான் செய்தார்கள்.

மடிக்கணனியைத் திறந்து, அவர் சொன்ன நான்கு அடையாளங்களையும் செய்மதிப் படிமத்தில் தேடிப் பிடித்து, இரண்டு கோடுகளை இழுத்தேன். அவை நீரின் மேல் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. அங்கே ஒரு புள்ளி வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“சரிதான் சேர். ஆனா கல்லு இன்னும் கொஞ்சம் வாடைப் பக்கமாக் கிடக்கு.”

“பனை எதைக் காக்கா சொல்றீங்க, இந்தா நிற்கிறதையா?”

“அது இல்ல. அது பிறகு வந்த பனை. நான் சொல்ற பனை சுனாமியோட போயிட்டுது. அது நின்ட இடம் இது,” என்று திரையில் வெறும் மணலாய்த் தெரிந்த ஓரிடத்தில் விரலை வைத்தார். நான் கோட்டை அந்த மணலுக்கு நகர்த்தினேன். புள்ளி வாடைப் பக்கமாக நகர்ந்தது.